அந்தோணியின் பட்டையும் என் பத்து விரலும்

பிரவுசிங் சென்டரில் பிறருக்காக டைப் அடித்துப் பிழைத்தவர்களே, ஊரார் வீட்டுச் சண்டை சமாதானமெல்லாம் நம் விரல் வழியாகத்தானே போய் வந்தது! அந்த விரலுக்கே போட்டி வந்த கதையைக் கேளுங்கள்.

வாசலிலிருந்து ஒரு குரல்

காரைக்காலில் நான் சென்டர் வைத்திருந்தபோது தருமபுரம் அந்தோணி என் நிரந்தர வாடிக்கையாளர். போட் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். படகிலிருந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. மனைவி ரோஸ்லின் பாரிஸில் குழந்தை பார்க்கும் வேலையில் இருந்தார். அந்தோணியின் சக்கர நாற்காலி கேபினுக்குள் நுழையாது. அவர் வாசலிலிருந்து சொல்வார். நான் உள்ளே சாட்டில் அடித்து, வரும் பதிலை உரக்கப் படிப்பேன். "சாப்ட்டியா ரோசு?" என்பார். அடுத்தவர் மனைவியை நீ, வா, போ என்று அடிக்க எனக்கு விரல் வருமா? "சாப்பிட்டீங்களா ரோஸ்லின்?" என்று மரியாதையாக அனுப்புவேன்.

நாளாக ஆக அந்தம்மாவின் பதில் சுருங்கியது. கிறிஸ்துமஸுக்கு வருவீர்களா என்று கேட்டால், "பார்க்கலாம்" என்பதோடு சரி. அந்தோணிக்கு முகம் வாடிவிட்டது.

"அவளுக்கு என்னைப் புடிக்காம போச்சு சார், நீங்க எவ்வளவு நல்லா அடிச்சும்."

நெற்றியில் ஏறிய எதிரி

பாரிஸிலிருந்து லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் ரோஸ்லின் அந்தோணிக்காக ஒரு பட்டை கொடுத்தனுப்பினார். நெற்றியில் கட்டினால் மூளையின் அசைவைப் பிடிக்குமாம். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னும். வேண்டிய எழுத்து வரும்போது மனத்தை அதில் நிறுத்தினால் அது விழும். அதற்காகக் கம்ப்யூட்டரைக் கேபினிலிருந்து சென்டரின் முன்ஹாலுக்கே இழுத்துப் போட்டேன், வயிற்றெரிச்சலோடு. ஒரு சொல் விழுவதற்குள் டீ ஆறிப்போனது. அதுவும் தப்பாக விழுந்தது. எனக்குப் பரம சந்தோஷம். பட்டையை வாங்கி நானும் கட்டிப் பார்த்தேன். கன்னாபின்னாவென்று எழுத்துகள் கொட்டின.

"மனசு ஒரு எடத்துல நிக்கணும் சார், ஒங்க மனசு பூரா என் சாட்லதான நிக்குது!"

என் கடையில் நான் வெளியே

ஒரு வாரத்தில் கை தேர்ந்துவிட்டார். கை அசையாதவரைக் கை தேர்ந்தவர் என்று சொல்லவேண்டியிருக்கிறதே, அதுவும் எனக்குப் பொறாமைதான். இத்தனை காலம் அவர் குடும்பத்தின் மூன்றாவது ஆளாக இருந்தவன் நான். அன்று பட்டையைக் கட்டிவிட்டு வழக்கம்போல் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க சார், பொண்டாட்டிகிட்ட பேசணும்."

பாரிஸின் பதில்

நின்றேன். கண் மட்டும் உள்ளே போனது. தட்டுத்தடுமாறி ஆங்கில எழுத்தில் ஒரே வரி விழுந்தது: "சாப்டியாடி ரோசு எப்பதான் வருவ". எவ்வளவு மரியாதைக் குறைவு! அந்தம்மா இனி சாட்டுக்கே வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பதில் உடனே வந்தது. அந்தோணி என்னை உள்ளே கூப்பிட்டு, கண்ணில் நீரோடு தானே எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"இப்பத்தாங்க நீங்க பேசுற மாதிரி இருக்கு, கிறிஸ்மஸுக்கு வந்துடுறேன், ஆமா, இத்தன நாளா என்கிட்ட வாங்க போங்கன்னு பேசுனது யாருங்க?"

ஒரு "ங்க" போடக்கூடத் தெரியாத அந்தப் பட்டையிடம் தோற்றதை மட்டும் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.