மஞ்சள் ஏப்ரன்

டாரல் ஸ்கோகனுக்குப் பார்வையின் நடுவில் ஓட்டை விழுந்திருப்பது ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று டாரல். இன்னொன்று அவன் மனைவி நோரீன்.

ஓரங்கள் தெரியும், நடுவில் இருப்பது தெரியாது. ஏப்ரலில் கண் டாக்டர், இது திரும்பி வராது, போகப் போக ஓட்டை பெரிதாகும் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து வண்டிச் சாவியை நோரீனிடம் நீட்டியபடி டாரல் கேட்டது ஒன்றுதான்.

"இந்த சீசன் ஓட்டிரலாம்ல?"

மர அறுவை ஆலை மூடிய வருஷம் துடுப்பைப் பிடித்தவன். முப்பத்தொரு வருஷமாக மே முதல் அக்டோபர் வரை, முன்னால் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் என்று காசு கொடுத்து மீன் பிடிக்க வரும் தூண்டில்காரர்களை உட்கார வைத்து, ஆற்றோடு இறங்கியே பிழைத்தவன். வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளும் வயதும் தாண்டிவிட்டது.

"ஓட்டலாம்," என்றாள் நோரீன். மனைவியாகச் சொன்னாளா, பயந்து சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது.

அவனுடைய துடுப்புப் படகு ஆற்றோடு இறங்குமே தவிர எதிர்த்து ஏறாது. காலையில் மேலே இறக்கிவிட்டால், சாயங்காலம் பத்து மைல் கீழேதான் கரையேற வேண்டும். வண்டியையும் டிரெய்லரையும் அங்கே கொண்டுபோய் விடுவது நோரீன் வேலை. மற்ற வழிகாட்டிகளின் வண்டிகளையும் அவள்தான் ஓட்டினாள். சாவி முன் சக்கரத்தின் மேல் இருக்கும். வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுவாள், படகுக்காரன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள்.

இந்த வருஷம் டாரலுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று செய்தாள். கரையேறும் இடத்துக்கு மேலே சாய்ந்திருந்த வில்லோ மரக் கிளையில், பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் கட்டும் மஞ்சள் ஏப்ரனைக் கட்டித் தொங்கவிட்டாள். அந்தப் பச்சைக்குள் மஞ்சள் பளிச்சென்று தெரியும். முகத்தைத் திருப்பிக் கடைக்கண்ணால் அதைப் பிடித்துக்கொண்டு டாரல் படகை ஒதுக்குவான். அதைத் தவறவிட்டால் முக்கால் மைலில் பாசனத்துக்காகக் கட்டிய தடுப்பணை. அதற்குள் படகு போனால் வெறும் மரத்துண்டுகள்தான் மிதக்கும்.

ஜூன் போயிற்று. ஜூலை, ஆகஸ்ட் போயின.

செப்டம்பர் இருபதாம் தேதி ஹெட்லி வந்தார். ஒஹாயோவில் இன்ஷூரன்ஸ் விற்பவர். பதினோரு வருஷமாக அதே தேதிக்கு வருகிறார். கரையேறியதும் ஈரக் கையைக் குலுக்கி, "அடுத்த வருஷம், இதே நாள்," என்பார். அதுதான் முன்பதிவு. எழுத்து கிடையாது.

அன்றைக்கும் நோரீன் வழக்கம்போல ஏப்ரனைக் கட்டினாள். முடிச்சுப் போடுவது கைப்பழக்கம், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படகு வரும் நேரமாகிவிட்டதால் வீட்டுக்குப் போகாமல் அன்று மட்டும் வண்டியிலேயே சாண்ட்விச் தின்ன உட்கார்ந்தாள். வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

இரண்டு நாளாக ராத்திரியில் உறைபனி. வில்லோ, காட்டன்வுட் மரங்களின் இலையெல்லாம் பழுத்து, கரை முழுக்க மஞ்சள். ஏப்ரன் எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தேட வேண்டியிருந்தது.

அதை அவிழ்த்துக் கையில் பிடித்து ஆட்டலாம் என்று ஓடுவதற்குள் வளைவில் படகு தெரிந்தது. நடு ஆற்றில், ஆற அமர வந்துகொண்டிருந்தது. டாரல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"டாரல்!"

ஆற்று இரைச்சல் அதை விழுங்கியது. வண்டிக்கு ஓடி ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

டாரல் சத்தம் வந்த பக்கமாகத் துடுப்பை இழுத்தான். கண்ணுக்குத்தான் கேடு, கைக்கு இல்லை. ஆனாலும் படகு இடத்தைத் தாண்டிவிட்டது. ஹெட்லிதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு குளிர்நீரில் குதித்தார். நோரீனும் இறங்கினாள். இருவரும் இழுத்துக் கட்டினார்கள்.

டாரல் துடுப்புகளைப் படகுக்குள் இழுத்துப் போட்டான்.

"யோவ், தூங்கிட்டியா?" என்று சிரிக்கப் பார்த்தார் ஹெட்லி.

"வெயில் கண்ண கூசுச்சு," என்றான் டாரல். சூரியன் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஹெட்லி சூரியனைப் பார்த்தார். கிளையில் தொங்கிய ஏப்ரனைப் பார்த்தார். நோரீனைப் பார்த்தார். அவள் பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து?"

"ஏப்ரல்," என்றாள் அவள்.

"நோரீன், சும்மா இரு," என்றான் டாரல்.

புறப்படும்போது டாரல் கையை நீட்டினான். ஹெட்லி அதை இரண்டு கையாலும் பிடித்தார். "நல்ல நாளு டாரல். எல்லா வருஷமும் நல்லா இருந்துச்சு," என்றார். அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு கையால் குலுக்குவதை நோரீன் சாவு வீட்டில்தான் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு அவள்தான் ஓட்டினாள்.

"இனிமே சிவப்பா கட்டு," என்றான் டாரல். "மஞ்சள் சரிப்படாது."

"சரி."

"தப்பு கண்ணுல இல்ல. துணியிலதான்."

"சரின்னு சொன்னேன்ல."

வீட்டில் அலமாரியின் அடியிலிருந்து கிறிஸ்துமஸ் மேஜைவிரிப்பை எடுத்தாள். நல்ல சிவப்பு. கிழித்தால் நான்கு கொடி வரும். கத்தரியைத் தேடிக்கொண்டிருந்தபோது டாரலுக்கு ஆள் பிடித்துத் தரும் தூண்டில் கடையிலிருந்து போன் வந்தது. நாளைக்கு வரும் இருவரை வேறு படகில் ஏற்றிவிட்டார்களாம். வானிலை சரியில்லையாம். டாரலிடம் சொல்லிவிடச் சொன்னார்கள்.

நோரீன் ஜன்னலைப் பார்த்தாள். மேகமே இல்லை. வாசலில் டாரல், படகின் அடித் துளைக்கான அடைப்பானைத் துடைத்து, தடவிப் பார்த்துத் திருகிக்கொண்டிருந்தான், நாளைக்கு.

விரிப்பை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு அவனிடம் சொல்ல வெளியே போனாள்.