டூட்டிங்கில் கல்லுப்பு

டூட்டிங், 2009 பிப்ரவரி. மாலை நான்கு மணிக்கே தெரு மங்கிவிட்டது. வானம் கூரை உயரத்துக்கு இறங்கி நிற்கிறது. பேருந்து வரும்வரை குளிர் தாங்காமல் ஒரு யாழ்ப்பாணத்துக் கடைக்குள் ஒதுங்குகிறேன். வாழைப்பூக் கூடைக்கு மேலே தொலைக்காட்சி பேசுகிறது: பனி பொழியும், இடையே மழை பெய்யும், அந்த மழை தரையில் கண்ணாடியாக உறையும்.

கடைக்காரர் கல்லுப்புப் பை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார். கடைவாசல் முதல் பஸ் நிற்கும் இடம் வரை நடைபாதையில் விதைப்பதுபோல் தூவுகிறார்.

"கறிக்குப் போடுற உப்பையா?" என்கிறேன்.

"ஓம் தம்பி. கவுன்சில் ரோட்டுக்குத்தான் போடும், நடக்கிற பாதைக்குப் போடாது. உப்புக் கிடந்தா ஐஸ் கட்டாது, வழுக்காது. மனுசிக்கு இது ஏழாம் மாசம். வேலை முடிஞ்சு இந்த பஸ்ஸிலைதான் வருவா."

அவர் சொல்லி முடிக்கும்போதே பனி தொடங்குகிறது. சத்தமே இல்லை. எது உப்பு, எது பனி என்று தெரியவில்லை. சிவப்பு பஸ் மிதந்து வருவதுபோல் வந்து நிற்கிறது. வயிற்றில் கை வைத்தபடி அவர் மனைவி இறங்குகிறார், கீழே பார்க்கிறார்.

"இஞ்சாருங்கோ, கறிக்குக் கொஞ்சமாவது மிச்சம் வைச்சனீங்களோ?"

கேட்டுக்கொண்டே, உப்புத் தூவிய தடத்தை விட்டு ஓரடிகூட விலகாமல் நடந்து வருகிறார். அது என் பஸ்ஸும்தான். நான் ஏறவில்லை; அவர் கடைவாசல் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.