லயத்து வாசலுக்கு வந்த வேன்

நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பிக்கிறேன். மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், எந்த வரைபடத்திலும் இல்லாமல் இருந்தன. அவசரத்துக்கு வரும் அம்புலன்ஸ்கூட வழி தெரியாமல் தடுமாறும். அதனால் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலரோடு ஞாயிறுதோறும் நடந்து, லயங்களையும் பாதைகளையும் எல்லாரும் பார்க்கும் போன் வரைபடத்தில் குறித்தோம்.

அந்த வேலை முடிந்து சில வாரங்களில், அவர்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். குரல் படபடத்தது. பயந்துபோனேன்.

"மிஸ், மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்க வேன் யார்கிட்டயும் கேக்காம நேரா நம்ம லயத்து வாசலுக்கே வந்துருச்சு! நான் இன்னும் தலைகூட சீவல!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போய் அவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துங்க" என்றேன்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. அதற்குள் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களும் தங்கள் லயங்களைக் குறித்துத் தர எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.