உப்பை விட்ட நாற்பது நாள்

அந்தத் தாளில் ஒரு தட்டின் படம் இருந்தது. பாதித் தட்டு காய், கால் பங்கு சப்பாத்தி, கால் பங்கு பயறு, ஓரத்தில் ஓர் ஆப்பிள். கீழே கட்டளைகள். உப்பைக் குறைக்கவும். ஊறுகாய், கருவாடு தவிர்க்கவும். தண்ணீர் நிறையக் குடிக்கவும். என் வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு என்று அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் அதை மூன்று முறை வாசித்தேன். அவர் வெளியே கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவருக்குக் கரிமூட்டத் தொழில். மழை ஏமாற்றிய புஞ்சையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி, விறகைக் கூம்பாக அடுக்கி, புல் போர்த்தி, ஈரமண் பூசி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். அதன்பின் நாள்கணக்கில் அகல முடியாது. மண் வெடிக்கிற இடத்தில் உடனே ஏறி அடைக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் கரியெல்லாம் சாம்பல். தலைக்கு மேலே வெயில், காலடியில் தீ. அவர் சட்டையைக் கழற்றி முள்ளில் போட்டால், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரியும். அவர் உடம்பிலிருந்து இறங்கிய உப்பு. எத்தனை வருடம் அந்தக் கோட்டைக் கையால் தேய்த்துத் துவைத்திருக்கிறேன்! தாளை வாசித்தபோது அந்தச் சட்டை என் நினைவுக்கு வரவே இல்லை.

குறைக்கவும் என்றுதான் போட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் குறைப்பது என்று ஒரு பழக்கம் கிடையாது, விடுவதுதான். பங்குனிப் பொங்கலுக்கு அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் உப்பே இல்லாமல் சாப்பிடுவார்கள். அரைகுறையாக விட்டால் அவள் ஏற்கமாட்டாள். அப்படிப் பழகிய கைதான் எனக்கும். நாற்பது நாள் என்று நேர்ந்துகொண்டு கல்லுப்புச் சாடியைப் பரணில் ஏற்றினேன். உப்புப் போட்டுக் கலக்கிக் கொண்டுபோகிற நீராகாரத்தை நிறுத்தினேன். ஒரு கேன் வெறும் தண்ணீர் வைத்தேன்.

முதல் நாள் மத்தியானம் மூட்டத்தடியில் ஒரு வாய் வைத்தவர் நிமிர்ந்தார். "என்னத்தா இது, வாய்க்கரிசி கணக்கா இருக்கு?"

"தாளுல போட்டிருக்கு. பேசாமச் சாப்பிடுங்க."

"அந்தத் தாளு வந்து மூட்டம் போடுமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் விடவில்லை. "மதினி, எங்கண்ணன நோகாமச் சாமியாராக்கிட்டீக. காவி வேட்டி ஒண்ணுதான் பாக்கி." தன் தூக்கிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டை நீட்டினார்.

"வேணாம்ப்பா. அவ நேந்திருக்கா," என்றார் இவர்.

நான் இல்லாதபோதும் அவர் தொடவில்லை என்று கொழுந்தன் பிற்பாடு சொன்னார். திருட்டுத்தனமாக ஒரு ஊறுகாயைக் கடித்திருக்கக் கூடாதா?

நாள் போகப் போக அவருக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. தலைவலி. சோற்றைக் கண்டாலே குமட்டல். போனைத் தடவிப் பார்த்தேன். தண்ணீர் போதவில்லை என்றது. குடிங்க, குடிங்க என்று விரட்டினேன். திருச்சுழியில் பிரஷர் பார்த்த நர்ஸம்மா "நல்லாக் கொறஞ்சிருக்கே!" என்றபோது, பரீட்சையில் ஜெயித்தவள்போல் வீடு வந்தேன்.

முப்பத்தாறாம் நாள் அவர் மூட்டத்துக்கு முன்னால் நின்று கேட்டார். "இது யாரு மூட்டம்?"

கேலி என்று நினைத்தேன். "ஒங்க மாமனாரு சீதனமாக் குடுத்தாரு!"

அவர் சிரிக்கவில்லை. மண் வெடித்துப் புகை பீறிட்டது. அதையும் பார்த்துக்கொண்டே நின்றார். அப்படியே சாய்ந்தார். கைகால் வெட்டிவெட்டி இழுத்தது.

லோடு ஏற்றும் வண்டியில் படுக்கவைத்து மதுரைக்குக் கொண்டுபோனோம். "உப்பு ரொம்ப எறங்கிருச்சும்மா. வெயில்ல வேகுற மனுசருக்கு உப்பையே நிறுத்திட்டு இம்புட்டுத் தண்ணியா? யாரு சொன்னது?" என்றார் அங்கிருந்த டாக்டர். மடித்து மடித்துக் கிழிந்திருந்த தாளை நீட்டினேன். "கொறைக்கத்தானே சொல்லியிருக்கு?" என்றார்.

உண்மைதான். பிசகு என்னுடையது. ஆனால் இவர் என்ன வேலை பார்க்கிறார் என்று ஒருவர், ஒரே ஒருவர், கேட்டிருக்கலாமே. அந்தப் படத்துத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார்? அவருக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது. அவர் சட்டையில் உப்புக்கோடு விழுவதில்லை. அவருக்காக எழுதியதை எல்லாருடைய கையிலும் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது மாத்திரைக் கவரோடு ஒரு தாள் கொடுத்தார்கள். அதிலும் அதே தட்டு, அதே ஆப்பிள்.

நாங்கள் திரும்பியபோது மூட்டம் வெறும் சாம்பல் மேடு. அவர் உயிரோடு வந்துவிட்டார். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். சுவரைப் பிடித்து நடக்கிறார். சொற்களைத் தேடித் தேடி எடுக்கிறார்.

சாடியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். இப்போது கல்லுப்பைக் கையில் எடுத்தால் எவ்வளவு என்று தெரிவதில்லை. போட்டு, எடுத்து, திரும்பப் போடுகிறேன். தட்டை முன்னால் வைத்ததும் அவர் என் முகத்தையே பார்ப்பார்.

"நாப்பது நாள் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. சாப்பிடுங்க."

தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார். மறுநாள் தட்டை வைத்ததும், கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, திரும்பவும் கேட்பார்.