வராந்தாவில் சொன்ன கேள்வி

1963, மார்ச்: தங்கச் சுரங்கப் பகுதியான பாலகாட்டின் தொழிலாளர் லைன் வீடுகளில் குடியிருந்த இரண்டு பயிற்சிப் பொறியாளர்கள், சுரங்க மேலாளர் தகுதிச் சான்றிதழுக்கான எழுத்துத் தேர்வில் தேறினர்.
1963, ஜூலை: வாய்மொழித் தேர்வில் ஒருவர் தேறினார்; மற்றவர் தேறவில்லை.
1964, ஜூலை: மற்றவரும் தேறினார்.
சென்ற மாதம்: முதலில் தேறியவர் காலமானார்.

மற்றவர் நான்.

நினைவுக் கூட்டத்தில் வாசிப்பதற்காக இவ்வளவு எழுதினேன். மேலே எழுத வரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா படிச்சத பத்தி நாலு வார்த்த எழுதிக் குடுங்கண்ணா" என்று அவர் மனைவி போனில் கேட்டிருந்தார்.

ஒன்றாகத்தான் படித்தோம். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்து குளித்ததும், விதிமுறைப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவர் கேட்க ஒருவர் சொல்வோம். சான்றிதழ் இல்லாதவர் சட்டப்படி சுரங்கப் பொறுப்பை ஏற்க முடியாது. அந்த ஆண்டு காலியாக இருந்தது ஒரே ஓர் உதவி மேலாளர் பதவி. முதலில் தேறுபவருக்கு அது என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு உள்ளே போய் வந்தவர், தேர்வாளர் எதைப் பிடித்துக்கொண்டு குடைகிறார் என்பதை வராந்தாவில் காத்திருப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும். போட்டியாளராக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

வாய்மொழித் தேர்வன்று நண்பர் முதலில் உள்ளே போனார். வெளியே வந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"இன்னாடா கேட்டாரு?"

"அந்தாளு மூஞ்சே ஒரு ஷாஃப்ட் குழி மாதிரிப்பா, எட்டிப் பாத்தா தல சுத்துது. காத்தோட்டம்தான் கேக்கறாரு. ஃபேனு, கதவு, அத்த மட்டும் பாத்துக்கினு போ."

அதையே புரட்டிவிட்டுப் போனேன். தேர்வாளர் கேட்டது வேறு: ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜைத் தாங்கும் இரும்புக் கயிற்றின் நுனியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏன் வெட்டி எடுக்கிறோம்? எனக்குத் தெரிந்த விடைதான். கேஜோடு பிணைக்கும் இடத்தில் கயிறு உள்ளுக்குள் நைந்துபோகும், வெளியே தெரியாது. நான் வாய் திறக்கச் சற்றுத் தாமதமானதும், ஊக்கப்படுத்தும் எண்ணத்தில் அவர் சொன்னார்: "உங்களுக்கு முன்னால் வந்தவரிடமும் இதையே கேட்டேன். நன்றாகச் சொன்னார்."

அதன் பிறகு என்னால் எதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

வெளியே, அடுத்துப் போக வேண்டிய, எங்கள் ஊர்ப் பக்கத்து ஆண்டர்சன்பேட்டைக்காரர் எழுந்து வந்தார். "இன்னாண்ணா கேக்கறாரு?" என் நண்பர் இரண்டடி தள்ளிக் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கயிறு," என்றேன். "ரெண்டு பேர்கிட்டயும் கயிறுதான் கேட்டாரு."

நண்பர் நிமிரவில்லை. கட்டி முடித்த லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

ஊர் திரும்பும்போது பங்காருபேட்டை வரை ஒரே ரயில் பெட்டியில் வந்தோம். வழியில் வாழைப்பழம் வாங்கி எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கித் தின்றேன்.

பதவி அவருக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு நான் தேறிய செய்தி வந்தபோது, "இனிமே நீயும் சாருடா!" என்று எல்லார் முன்னாலும் கட்டிக்கொண்டார். என்னைவிட அவருக்கே அதிக மகிழ்ச்சி என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். உண்மையாகவே இருக்கலாம். எனக்கு விளங்காததும் அதுதான். அவருக்குக் கீழே எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவராகவே ஒருநாள் சொல்வார் என்று இருந்தேன். கடைசி வாரத்தில் என்னைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை வருவதாகப் பதில் அனுப்பினேன். ஞாயிறன்று போய்விட்டார்.

செய்யாமல் நிற்பவை:

நினைவுக் கூட்டத்துக்கான கட்டுரையை முடிப்பது.
வராந்தாவில் நடந்ததை அவர் மனைவிக்குச் சொல்வதா என்று முடிவு செய்வது.
அவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பது.