இடப்பக்கத்து அளவு

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். தையற்கடைக்கு வருகிறவர்களுக்கு டெய்லரம்மா. அவள் தைத்த சட்டையை உள்பக்கம் புரட்டிப் பார்த்தாலும் ஒரு பிசிறு தென்படாது; அப்படியொரு கை. உடம்பு பெருத்துவிட்டதென்று குறுகிப்போய் வருகிற பெண்களிடம், அளவு நாடாவைச் சுற்றியபடியே சொல்வாள்: "ஒண்ணுமில்லக்கா. அளவு மாறியிருக்கு, அவ்வளவுதான்."

புற்றுநோய் வந்து அவளுக்கு இடது மார்பை எடுத்து எட்டு மாதம். தனக்கு மட்டும் இன்னும் பழைய அளவிலேயே தைத்துக்கொண்டாள். வெட்டுத்துணிகளை உருட்டி, மஞ்சள் பருத்தித் துணியில் பொதிந்து, இடப்பக்கம் செருகிக்கொள்வாள். ஏழு வயது மகள் கட்டிக்கொள்ள வந்தால், "வேலை கெடக்குடி" என்று நழுவிவிடுவாள். நாளடைவில் மகள் வருவதை நிறுத்திக்கொண்டாள். அது நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்தால் கூசியது.

ஒரு சனிக்கிழமை, புழுக்கம் தாங்கவில்லை. உருண்டையை எடுத்துத் திரைக்குப் பின்னால் முக்காலியில் வைத்தாள். மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். அவள் பொத்தான் தைக்க மறந்த சட்டையோடு வங்கிக்கார அம்மாள் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள், கையில் மஞ்சள் உருண்டை.

"அம்மா, கீழ சிந்திக் கெடந்த குண்டூசியெல்லாம் உன் புது ஊசி மெத்தையில குத்திட்டேன். வரிசையா."

"அட, டெய்லரம்மாவுக்கு அசிஸ்டென்ட் வந்தாச்சா! சம்பளம் பேசிட்டியா பாப்பா?" என்றார் வங்கிக்கார அம்மாள்.

மகள் கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விட்டாள் டெய்லரம்மா. வங்கிக்கார அம்மாள் சட்டையை மேசையில் வைத்துவிட்டு, "நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று மெதுவாகப் படியிறங்கினார்.

மகள் அழவில்லை. உருண்டையை நீட்டியபடியே நின்றாள். ஊசிகள் அடிபிசகாமல் வட்ட வட்டமாக நின்றன, அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே. டெய்லரம்மாவுக்குத் தலை நிமிரவில்லை. ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்கினாள்.

"இது ஊசி மெத்தை இல்லடி. நான் இந்தப் பக்கம் வச்சுக்கறது."

"அங்க ஒண்ணுமில்லையா?"

"இல்ல. ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க. உனக்குத் தெரிஞ்சிடுமோன்னுதான் கிட்ட சேர்க்கல."

"நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

அறைந்த கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், எடுத்தாள்.

மகள் அவள் கழுத்தில் தொங்கிய நாடாவை உருவினாள். "ஒண்ணுமில்லக்கா. அளவு மாறியிருக்கு, அவ்வளவுதான்" என்றாள், அச்சு அசல் அவள் குரலில்.

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அளவு நோட்டில் ஊரார் உடம்பெல்லாம் இருந்தது. தன் பக்கத்தைத் தேடிப் பழைய எண்களைக் கோடு போட்டு அடித்தாள். துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்று கையைத் தூக்கினாள்.

நாடாவைச் சுற்ற மகளின் கைகள் முதுகுவரை போகவேண்டியிருந்தது. விரல் தடம் சிவந்த கன்னம் இடப்பக்கத் தழும்பின்மேல் அழுந்தியது. டெய்லரம்மாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. விலகவில்லை.

"எவ்வளவுடி?"

"இன்னும் எட்டல. ஆடாம நில்லு."