கவிழ்த்தாலும் விழாத கஞ்சி

கீழ்வீட்டுத் தம்பி ஜெயித்தவை இவை: மாடியிலிருந்து விழுந்து முறிந்த காலோடு மறுபடி ஏணி ஏறியது, பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே குழாய் அளவுகளைக் கற்றுக்கொண்டது, பெண் தர மாட்டேன் என்றவர் வீட்டுக்குத் தண்ணீர்த்தொட்டி மாற்றப் போய் மாப்பிள்ளையாகத் திரும்பியது, கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, ஊர் வாய் ஓய்ந்த பிறகு, ஒரு பெண் குழந்தை. மாடி வீட்டு அக்காவுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம். கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

குழாய் வேலைக்குக் காலையும் மாலையும் போவான். மனைவி ஆலையில் இருக்கும் பகல் முழுக்கக் குழந்தை அவன் பொறுப்பு. எதைத் தொட்டாலும் முதலில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பான். தேநீர்க் குவளையாகட்டும், குழந்தையின் இடுப்புத் துணியாகட்டும், எல்லாம் அவனுக்குக் குழாய் மூட்டுதான்.

ஆறு மாதம் முடிந்து கஞ்சி ஆரம்பித்தார்கள். குழாய்க்குப் பூசும் பசையைச் சோதிப்பதுபோல் கரண்டியைக் கவிழ்த்துப் பார்ப்பான். விழக் கூடாது. “தண்ணியா ஊத்துனா உடம்புல என்னக்கா ஒட்டும்?” என்று வாழைப்பழத்தையும் மசித்துச் சேர்ப்பான்.

சில நாளில் குழந்தை கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டது. முதுகை வில்லாக வளைத்து, முகம் சிவக்க முக்கி வீறிட்டது. துணியில் விழுந்ததெல்லாம் ஆட்டுப் புழுக்கை போல நாலைந்து உருண்டைகள்.

“ஊரு அடைப்பெல்லாம் எடுக்கற. வீட்டு அடைப்ப எடுக்க வழியக் காணோம்” என்றாள் மனைவி. சிரிக்கத் தெம்பில்லை யாருக்கும், தூங்கி நாளாகியிருந்தது. “இவளுக்குச் சரியாகலன்னா திங்கக்கிழமையோட நான் வேலைய விட்டுடறேன். உன்ன நம்பி எப்படிப் போறது?”

சோப்புத் துண்டைச் செருகினால் சரியாகும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, அவன் சோப்பைச் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவனையும் குழந்தையையும் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள்.

நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். “ரத்தம் வந்துச்சா? வாந்தி? வயிறு உப்புச்சா?”

“இல்லம்மா.”

“வந்தா உடனே தூக்கிட்டு வரணும். இளக்கமாப் போனா, முக்குனாலும் பரவால்ல. கல்லாப் போனாத்தான் மலச்சிக்கல். கஞ்சி எப்படிக் குடுக்கற?”

அவன் பெருமையாகக் கையைக் கவிழ்த்துக் காட்டினான்.

“அது செவுத்துக்குப் பூசறதுய்யா. கரண்டியில இருந்து தானா வழியணும். வாழைப்பழம் கொஞ்ச நாளைக்கு வேணாம், பேரிக்காய வேகவச்சு மசிச்சுக் குடு. சாப்பாட்டோட ரெண்டு மடக்கு ஆறவச்ச தண்ணி. பால் எப்பவும்போல. சோப்பு கீப்புன்னு எதையும் செருகாத.”

அன்றிலிருந்து குழந்தையை மல்லாத்தி, சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை மெல்ல மடக்கி நீட்டுவான். வயிற்றை வட்டமாகத் தடவுவான். கண் சொருகும்; கை நிற்காது. ஒரு மதியம் இடுப்புத் துணியை விரித்தபடியே மாடி ஏறி ஓடிவந்தான். “பாருக்கா, மெத்துன்னு!” அக்கா தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மூக்கைப் பொத்தாமல் பார்த்தாள். குழந்தை அன்று கரண்டிக்கு வாய் திறந்தது.

திங்கட்கிழமை மனைவி ஆலைக்குப் போனாள். மறுநாள் எடை பார்க்கும் நாள். எடை அட்டையில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் என்ற இடத்தில் அதுவரை அம்மாவின் கையெழுத்துதான். நர்சம்மா அவனைப் பார்த்ததும் மை டப்பாவை நகர்த்தினாள். நீட்டிய கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான்.

“பென்சில் செல்லாதுய்யா” என்று பேனா தந்தாள்.

வேலைக்குப் போன வீடுகளில் ஓட்டுச் சில்லில் எழுதி எழுதி அழித்துப் பழகிய தன் பெயர். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினான். முடித்ததும் பழக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தான். கடைசி எழுத்து கொஞ்சம் கசிந்தது.

அக்காவின் பட்டியலில் தேதியோடு இருப்பது இது ஒன்றுதான்: மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை.